கூடையின் எடை

"எழுபத்தெட்டு அறுநூறும்மா," என்றாள் எஸ்தர்.

அம்சவேணி எடை மேடையிலிருந்து இறங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறியிருந்தாள். கைப்பையைக் கணவரிடம் கொடுத்திருந்தாள், மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றியிருந்தாள். அதனால்தான் எண் சரியாகத் தெரியவில்லை என்று முதலில் நினைத்தாள். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். 78.6 என்றுதான் இருந்தது.

மிஷின் தப்பாகக் காட்டுகிறது என்றாள். எஸ்தர் அந்தச் சென்னை ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவின் நர்ஸ். ஐந்து மாதமாக அம்சவேணியைத் தெரியும். அவள் மறுத்துப் பேசவில்லை. தானே ஒருமுறை ஏறி நின்று, தன் எடை நேற்று எவ்வளவோ அவ்வளவுதான் இன்றும் என்று காட்டினாள். பிறகு பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் அங்கிருந்த மிஷினில் ஏறச் சொன்னாள். அதில் 78.5.

போன வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்தில் 74.8 இருந்தது. ஆறே நாளில் கிட்டத்தட்ட நாலு கிலோ. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அவள் தம்பி ஆனந்தகுமாருக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவன் மனைவி சங்கீதாவுக்குச் சர்க்கரை, அதனால் அவள் கொடுக்க முடியாது. அக்காவுடையது எல்லாவிதத்திலும் பொருந்தியது, அவள் எடை ஒன்றைத் தவிர. ஆனி மாதத்தில் எண்பத்தாறு கிலோ. அவள் உயரத்துக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருந்தால் கத்தி வைப்பதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தீபாவளி கழிந்த வியாழக்கிழமை வாருங்கள், எடை சரியாக இருந்தால் அடுத்த வாரமே ஆபரேஷன் என்று தேதியும் குறித்துக் கொடுத்திருந்தார்.

அந்த வியாழக்கிழமைதான் இது.

டாக்டர் கோபப்படவில்லை. பண்டிகைக் காலத்தில் எல்லோருக்கும் ஏறுகிறதுதான் என்றார். அந்தக் கனிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நோன்பன்று மூன்று அதிரசம் சாப்பிட்டேன் என்று அவளே சொன்னாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவளைப் போல. டாக்டர் லேசாகச் சிரித்தார். அந்தத் தேதி வேறொருவருக்குப் போகும், கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் மறுபடி வாருங்கள் என்றார். பிறகு சிரிப்பில்லாமல், தம்பியின் இதயம் களைத்துக்கொண்டு வருகிறது, இன்னொரு முறை தள்ளிப்போட முடியாது என்றும் சொன்னார்.

திரும்பியது வாடகைக் காரில். ஆனந்தகுமார் முன் இருக்கையில் சாய்ந்திருந்தான். பின்னால் சங்கீதா ஒரு ஓரம், அம்சவேணி நடுவில், அவள் கணவர் திருஞானசம்பந்தம் இன்னொரு ஓரம். அவள் கைப்பை இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சுங்குவார்சத்திரம் தாண்டியதும் சங்கீதா வாயைத் திறந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. குடுக்க இஷ்டமில்லன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம். இப்டித் தின்னுதான் சொல்லணுமா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அம்சவேணி அழுதிருப்பாள். இது அதைவிட உள்ளே போய் விழுந்தது. முன் இருக்கையிலிருந்து ஆனந்தகுமார் திரும்பாமலே சொன்னான்: "சங்கீதா, வண்டிய நிறுத்தச் சொல்றேன். எறங்கி வீடு வரைக்கும் நடந்து வா. உனக்கும் சர்க்கரை கொறையும்."

வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். சம்பந்தம் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

*

ஐந்து மாதமாக அவள் பட்ட பாடு தெருவுக்கே தெரியும். பெரிய காஞ்சிபுரத்தில் அவர்கள் இருந்தது நெசவாளர் தெரு. வீட்டில் குழித்தறி. காலையில் விளக்கேற்றியதும் குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரை அசைவதில்லை, அப்படித்தான் இத்தனை வருஷமாக உடம்பு கனத்துப்போயிருந்தது. ஆனியில் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த மறுநாளிலிருந்து, விடிவதற்குள் எழுந்து நாலு ராஜ வீதியையும் சுற்றி வந்தாள். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறும் கீரையும், ராத்திரி கேழ்வரகுக் கூழ். நெய் இல்லை, எண்ணெய்ப் பலகாரம் இல்லை, காபிக்குச் சர்க்கரை இல்லை.

தறியில் உட்காரும்போது வயிற்றுக்கு நேர் எதிரே, நெய்த புடவை சுருளும் மரம் இருக்கும். ஆனியில் அந்த மரம் அவள் வயிற்றில் பதிந்து கோடு விழும். ஆவணியில் நாலு விரல் நுழைந்தது. புரட்டாசி பிறந்தபோது உள்ளங்கையைச் செங்குத்தாக வைக்க முடிந்தது. அதைத் தம்பிக்குக் காட்டினாள். காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ் முடிந்து தன் ஊரான திருப்புட்குழிக்குப் பஸ் ஏறுமுன் அவன் அக்கா வீட்டில் ஒரு மணிநேரம் படுத்துவிட்டுப் போவான்.

"நீ தின்னக்கூடாது, நான் தண்ணி குடிக்கக்கூடாது," என்றான் அவன், பாயில் படுத்தபடியே. "நம்ம ரெண்டு பேரையும் கல்யாணத்துக்குக் கூப்டறவன் குடுத்து வெச்சவன்க்கா."

எடை பார்ப்பது மட்டும் வெள்ளிக்கிழமை, சம்பந்தம் வேலை பார்க்கும் பட்டுக் கடையில். நெசவாளர்களுக்குப் பட்டு எடைபோட்டுக் கொடுப்பவர் அவர். இருபத்திரண்டு வருஷமாக அதே இடம். கிராம் பிசகாத மிஷின் புருஷன் கையில் இருக்கும்போது வேறு மிஷின் எதற்கு வாங்குவது? மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் போவாள். மேடை சற்று உயரம். அவர் எண் தெரியும் கம்பத்துக்கு முன்னால் நின்று, கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். அவள் நிலையாக நின்ற பிறகு விலகி, எண்ணைப் படித்துச் சொல்வார்.

புரட்டாசியில் சரஸ்வதி பூசைக்கு முந்தின வாரம் 80.4 இருந்தது. அந்த வாரத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, புருஷன் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நாலு பேருமாகப் போனார்கள். சம்பந்தம் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது. தறிக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பூசை கழிந்து மறு வெள்ளிக்கிழமை ஏறி நின்றபோது, 76.4 என்றார்.

இரண்டு வாரத்தில் நாலு கிலோ. நவராத்திரி ஒன்பது நாளும் ஒருவேளைதான் சாப்பிட்டிருந்தாள், அதன் பலன் என்று அவள் நினைத்தாள். கடையிலிருந்து நேராகக் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய் நெய் விளக்கு ஏற்றினாள். தறியில் மட்டும் அதே உள்ளங்கை அளவுதான் இருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிஷின் சொல்வதற்கு மேல் தறி என்ன சொல்லிவிடப் போகிறது?

அடுத்த வாரம் 75.5. தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை 74.8.

அந்தத் தெருவில் தீபாவளி என்றால் நோன்பும் சேர்ந்ததுதான். கேதார கௌரி நோன்புக்கு இருபத்தோரு அதிரசம் சுட்டு, இருபத்தொன்றையும் அம்மன் முன்னால் அடுக்கி, நோன்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். மற்ற பலகாரம் தட்டுத் தட்டாகத் தெருவெல்லாம் போகும், வரும். வந்த தட்டை அவள் அப்படியே முனையில் இருந்த ஆட்டோக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் நோன்பு அதிரசம் அவர்கள் வழக்கப்படி வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. கயிறு கட்டிக்கொண்டவர்கள்தான் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். வீட்டில் இருப்பது இரண்டே பேர். போன வருஷம் ஆறு தின்றவள், இந்த வருஷம் பிரசாதத்துக்கு ஒன்று போதும் என்று முடிவு செய்திருந்தாள்.

சம்பந்தம்தான் இலையில் இன்னும் இரண்டை எடுத்து வைத்தார். எழுபத்தைந்துக்குள் வந்தாயிற்றே, அம்மன் பிரசாதத்தால் ஒன்றும் ஆகிவிடாது என்றார். நெய்யும் வெல்லமும் வாசம் வீசின. நாலரை மாதம் வாய் கட்டியவள். சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவு ருசியாக இருந்தது.

*

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ராத்திரி அவள் கூழைக்கூடக் குடிக்கவில்லை. காலையில் வழக்கம்போல் தறியில் இறங்கினாள். ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தவள், ஓட்டாமல் வைத்துவிட்டு, மரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ளங்கையை விட்டுப் பார்த்தாள். புரட்டாசியில் இருந்த அதே அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எழுந்து சமையலறைக்குப் போய் டப்பாவில் மீந்திருந்த அதிரசத்தில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்தாள். முப்பது வருஷமாகப் பட்டு நூலைத் தொட்டுப் பார்த்தே எடை சொல்கிற கை. ஐம்பது கிராம் இருக்கும். மூன்றும் சேர்ந்தால் நூற்றைம்பது. ஆறு நாளில் நாலு கிலோ எங்கிருந்து வந்தது?

அதை வைத்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பத்து மணிக்குக் கடையில் கூட்டம் இல்லை. சம்பந்தம் உள்ளறையில் பட்டுக் கட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். குரல் மட்டும் கேட்டது. பட்டு வைத்து எடைபோடும் கூடை மேடையிலிருந்து இறக்கிக் கீழே வைக்கப்பட்டிருந்தது. அடியில் பலகை அடித்த பெரிய பிரம்புக் கூடை. மேடை காலியாக இருந்தது.

காலி மேடைக்கு மேலே கம்பத்தில் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பூஜ்யம் இல்லை. ஒரு சின்னக் கோடு, அதை அடுத்து 3.400.

அவள் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூடையைத் தூக்கி மேடையில் வைத்தாள். 0.000. கூடையை இறக்கினாள். மறுபடி கோடு, 3.400.

விஷயம் ஒன்றும் கஷ்டமானதில்லை. பட்டைக் கூடையில் வைத்துத்தான் நிறுப்பார்கள், அதனால் கூடையின் எடையைக் கழித்துக் காட்டும்படி மிஷினில் வைத்திருப்பார்கள். கூடை இல்லாமல் எதை வைத்தாலும் மூன்று கிலோ நானூறு கிராம் குறைவாகத்தான் காட்டும். மூட்டையானாலும் சரி, மனுஷியானாலும் சரி.

அவர் மறந்திருப்பார் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்கு ஆசை. பூசைக்குத் துடைத்த மிஷின், யார் எதை அழுத்தினார்களோ. அவர் வந்ததும் கேட்டுவிடலாம் என்று சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அப்போது சிவராஜ் வந்தார். பக்கத்துத் தெரு நெசவாளர். தன் துணிப்பையில் மீந்த பட்டைக் கொண்டுவந்து, சரிபார்த்துத் தரச்சொன்னார். உள்ளேயிருந்து வந்த சம்பந்தம் பெஞ்சுப் பக்கம் பார்க்கவில்லை. சிவராஜ் மகளுக்கு நிச்சயம் என்றைக்கு, மாப்பிள்ளை ஓசூரிலா பெங்களூரிலா என்று விசாரித்துக்கொண்டே வந்தார். கீழே இருந்த கூடையைக் காலால் இன்னும் கொஞ்சம் ஒதுக்கினார். பேச்சை நிறுத்தாமல், மிஷினைப் பார்க்காமல், கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். எண் பூஜ்யத்துக்கு வந்தது. பிறகுதான் பையை வாங்கி வைத்தார்.

அம்சவேணி பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல் மறக்காது. தூக்கத்திலும் மறக்காது.

வெள்ளிக்கிழமைகளில் அவர் கம்பத்தை மறைத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. ஏறுவதற்கு முன்னால் எண் என்னவாக இருந்தது என்று ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறாரே என்று எத்தனை சந்தோஷப்பட்டிருந்தாள்.

சிவராஜ் போனதும் எழுந்து மேடைக்கு அருகே வந்தாள். சம்பந்தம் அப்போதுதான் அவளைப் பார்த்தார். கையில் இருந்த பட்டுக் கட்டு அப்படியே நின்றது.

"கூடைய எடுத்தா அழிக்கணும்னு உனக்குத் தெரியும் இல்ல?" என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவரை அவள் நீங்க என்று தவிர வேறு சொன்னதில்லை. அவரும் அதைக் கேட்டார். அவளுக்கும் தன் குரல் யாருடையதோ போல இருந்தது.

மறந்துவிட்டேன் என்றார்.

"மூணு வெள்ளிக்கிழமையுமா?"

அவர் கட்டைக் கீழே வைத்தார். பிறகு தணிந்த குரலில் பேசினார்.

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கு உன் தம்பி எதிர்ல உக்காந்துகினு இருந்தான். மூஞ்சியெல்லாம் வீங்கி. அவனைப் பார்த்துக்கினே முடியாதுன்னு எப்டிச் சொல்றது? ஒன்னை அறுத்து எடுத்துக்கினு, நீ திரும்பி வரலன்னா நான் இன்னா பண்றது, அது ஒண்ணுதான் மண்டைல ஓடிக்கினு இருந்துது. ஆஸ்பத்திரியே வேணாம்னு சொல்லிட்டா யார் மேலயும் பழி இல்லன்னு நெனச்சேன்."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். காது கேட்டது, மனசு வாங்கவில்லை. நோன்பன்று இலையில் அதிரசம் எடுத்து வைத்த கை அது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை எதிரே உட்கார்ந்து பார்த்தவர்.

"யார் மேலயும் பழி இல்லியா?" என்றாள். "நேத்து சங்கீதா என்னைக் கேட்டப்ப நீ பக்கத்துல தான உக்காந்துகினு இருந்த."

அவர் பட்டுக் கட்டின் முடிச்சைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"என் பையை மடியில வெச்சிக்கினு," என்றாள்.

தெருவில் ஏதோ ஆட்டோ வேகம் குறைத்துப் போயிற்று. அம்சவேணி அவர் அழுத்திய அதே பொத்தானைத் தேடி அழுத்தினாள். எண் பூஜ்யமாவதைப் பார்த்துக்கொண்டாள். யார் கையையும் பிடிக்காமல், கம்பத்தைப் பற்றிக்கொண்டு மேடையில் ஏறி நின்றாள்.

"படி," என்றாள்.

அவர் உதட்டுக்குள்ளேயே படித்தார்.

"சத்தமா படி."

"எழுபத்தெட்டு நானூறு."

*

தம்பியிடம் நீயே வந்து சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் திருப்புட்குழிக்குப் பஸ்ஸில் போனார்கள், தனித்தனி இருக்கையில். சங்கீதா வாசலில் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். காபி போடவில்லை. ஆனந்தகுமார்தான் மாமாவுக்கு நாற்காலி போடச் சொன்னான். அவர் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கூடை, பொத்தான், மூன்று வெள்ளிக்கிழமை. எதையும் மறைக்கவில்லை.

சங்கீதா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் பிடித்திருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அம்சவேணியை ஒருமுறை பார்த்தாள், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஆனந்தகுமாருக்குக்கூட வழக்கமான கிண்டல் வரவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேனே மாமா."

"அதனாலதான் சொல்லல," என்றார் சம்பந்தம். "நீ வேணாம்னுடுவன்னு தெரியும். அப்பறம் உன்னைக் கொன்னவன் நானாயிருப்பேன்."

ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட நாலு பேர். இந்த மனுஷனுக்குள்ளே இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்ததை அம்சவேணி அப்போதுதான் முழுசாகக் கேட்டாள். தம்பி பிழைக்கவும் கூடாது, இவர் கையால் சாகவும் கூடாது. நடுவில் அவள் ஒருத்தி அதிரசம் தின்று கெட்டவளாக வேண்டும். கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினாள்.

திரும்பி வந்தபோது சங்கீதா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினாள். உப்பு போடவில்லை, வெண்ணெய் எடுத்தது என்று சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அம்சவேணியும் எதிர்பார்க்கவில்லை. வாங்கிக் குடித்தாள்.

அதன்பிறகு ஐந்து வாரம். மழைக்காலம். ராஜ வீதியெல்லாம் தண்ணீர். குடையைப் பிடித்துக்கொண்டு விடிகாலையில் ஒருமுறை சுற்றியவள் இரண்டு முறை சுற்றினாள். சம்பந்தம் பத்தடி பின்னால் நடந்து வந்தார். அவள் வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. கந்த சஷ்டி முடிகிறவரை பழமும் மோரும் மட்டும். தெருவில் ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு. வளைகாப்புக்குப் போய் வளையல் போட்டுவிட்டு, அஞ்சு வகைச் சாதத்தையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டில் அவர்கள் பேசியதெல்லாம் தறிக்குப் பாவு வந்ததா, கரண்டு போயிற்றா என்பதோடு சரி. ராத்திரியில் அவர் விழித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவளும் தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடை மிஷினில் அவள் மறுபடி ஏறவில்லை. தறியில் உள்ளங்கை நுழைந்த இடத்தில் இப்போது இன்னும் இரண்டு விரல் சேர்ந்து நுழைந்தது. அதை யாருக்கும் காட்டவில்லை.

*

தீபத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது மறுபடி ஆஸ்பத்திரி. ஆனந்தகுமாருக்கு அன்று டயாலிசிஸ், அதனால் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் போனார்கள். எஸ்தர் ஏறச் சொன்னாள். சம்பந்தம் பழக்கதோஷத்தில் கை கொடுக்க முன்னால் வந்தவர், பாதியிலேயே நின்று, தானாகச் சுவர்ப்பக்கம் விலகிக்கொண்டார். அம்சவேணி முதலில் காலி மேடையின் எண்ணைப் பார்த்தாள். பூஜ்யம். அதன்பிறகு ஏறினாள்.

74.7.

எஸ்தர் சிரித்தாள். அம்சவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கி, இன்னொரு முறை ஏறினாள். அதேதான். பக்கத்து அறைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

தேதி மாறியதால் கையெழுத்தும் புதிதாக வேண்டுமாம். அதோடு, புருஷனிடம் டாக்டர் தனியாகப் பேச வேண்டும் என்றார்கள். சம்பந்தத்தை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அம்சவேணி வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். இதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. இத்தனை மாதம் வயிற்றைக் கட்டி, உடம்பை ஒடித்து அவள் குறைத்தது எல்லாம் இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் அவர் ஒரு வார்த்தை, முடியாது என்று சொன்னால் போதும். இந்தத் தடவை பொத்தானை அழுத்தக்கூட வேண்டாம். உள்ளே என்ன பேசுகிறார் என்று காதைத் தீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷம் கூட இருந்தவர் அந்த அறையில் என்ன சொல்வார் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது.

கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தார். பக்கத்து நாற்காலியை விட்டு அதற்கடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னா சொன்ன?" என்றாள்.

"கூடை விஷயத்தைச் சொன்னேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"டாக்டர் பேனாவைக் கீழ வெச்சிட்டாரு," என்றார் அவர். "இப்ப பயம் போச்சான்னு கேட்டாரு. போகல சார்னேன். போகாம எப்டிக் கையெழுத்துப் போடுவீங்கன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"அவ தானா ஏறி நின்னா சார், நான் கீழ நின்னு பார்த்துக்கினு இருந்தேன்னேன். அதுக்கு மேல எனக்குப் பேச வரல." கையைப் பிசைந்துகொண்டார். "போட்டுட்டேன் அம்சா. நடுங்கிக்கினேதான் போட்டேன். அவரும் பார்த்துக்கினுதான் இருந்தாரு."

அவர் பேச்சை நம்பலாமா கூடாதா என்று அவள் மனசு கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது எஸ்தர் வந்து, வரும் திங்கள்கிழமை சேர்ந்துகொள்ளலாம், தம்பியையும் கூட்டி வாருங்கள் என்று சீட்டைக் கொடுத்தாள். சீட்டின் கீழே அவர் கையெழுத்து இருந்தது. திருஞானசம்பந்தம் என்ற நீளமான பெயரில் பாதியெழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

பையில் போன் அடித்தது. ஆனந்தகுமார். டயாலிசிஸ் படுக்கையிலிருந்து பேசுகிறான், பின்னால் மிஷின் சத்தம் கேட்டது. எவ்வளவு என்று கேட்டான்.

அம்சவேணி போனைக் கணவரிடம் நீட்டினாள். "நீயே சொல்லு."

அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "எழுபத்து நாலு எழுநூறு, குமாரு," என்றார்.

மறுமுனையில் தம்பியின் குரல், அவளுக்கும் கேட்கிற அளவுக்குத் தெளிவாக:

"கூடை இல்லாம தான மாமா?"

சம்பந்தம் போனை அவள் பக்கம் நீட்டினார். அம்சவேணி அந்தக் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"கூடை இல்லாமத்தான்," என்றாள்.